பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுக்க வேண்டியதில்லை

“முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பத்து நாளில் மரத்துப்போகும்.” கீழே கள்ளக்குறிச்சியானாலும் மேலே கல்வராயன் மலையானாலும், காம்பு வெடித்துத் தவிக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் ஆறுதல் இதுதான். இதை ஏற்காதீர்கள். தொடக்கத்தில் சில நாள் கூச்சமும் லேசான வலியும் இருக்கலாம். தோல் வெடித்து ரத்தம் கசிகிறது என்றால், பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வவில்லை என்பதே முக்கியக் காரணம்.

காம்பை மட்டும் சப்பும்போது ஈறும் நாக்கும் அதையே நசுக்கும். சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், வாயோரம் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து மறுபடி கவ்வ வையுங்கள். கொடுத்து முடித்ததும் உங்கள் பாலையே இரண்டு சொட்டு தடவிக் காற்றாட விடுங்கள், சோப்பு வேண்டாம். வலி பொறுக்கவே முடியாவிட்டால் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். பாலில் சிறிது ரத்தம் கலந்தாலும் பிள்ளைக்குக் கேடில்லை, ஆனால் எச்.ஐ.வி. போன்ற ரத்தத் தொற்று உள்ள தாய் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சுகப்பிரசவமானவர்கள் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புகிறார்கள். பால் நிறைந்து மார்பு கல்லாக இறுகுவதும் அதே நாட்களில்தான். இறுகிய மார்பைப் பிள்ளையால் கவ்வ முடியாது. வார்டில் தெரியாத சிக்கல், மலைமேல் வெள்ளிமலைக்கோ சேராப்பட்டுக்கோ போய்ச் சேர்ந்த பிறகு தலைதூக்கும். அப்போது நர்ஸ் மலையடிவாரத்தில் இருப்பார். எனவே கிளம்பும் முன்பே, “சிஸ்டர், நான் பால் கொடுக்கிறதை ஒரு தடவை பாருங்க” என்று கேளுங்கள். வீட்டுக்குப் போனபின் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் ஆஷா பணியாளர் வந்து பார்க்க வேண்டும் என்பது அரசின் திட்டம். பிள்ளையை எடை போட்டதோடு அவரை அனுப்பிவிடாதீர்கள். எதிரிலேயே பால் கொடுத்துக் காட்டுங்கள்.

மார்பு ஒரு பக்கம் சிவந்து கொதித்து, குளிர்காய்ச்சல் அடித்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வெடிப்பு வழியே கிருமி புகுந்திருக்கலாம். விட்டால் சீழ் கட்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கட்டு கூடும். பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெண்படலம் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே மருந்து தேவை. கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையமானாலும் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், பிரசவமாகி 42 நாள் வரை தாய்க்கு மருந்தும் பரிசோதனையும் போக்குவரத்தும் இலவசம். 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் தரும் உரிமை இது. சந்தேகம் கேட்க 104.

வலியில் அழும் இரவில்தான் பால்பவுடர் டின் வீட்டுக்குள் நுழைகிறது. மருத்துவர் தேவை கண்டு எழுதித் தருவது வேறு. பால்பவுடரை விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரி தருவதையும், மருத்துவமனை வழியே விற்பனையைப் பெருக்குவதையும் 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. யாராவது வார்டிலேயே டின்னைக் கையில் திணித்தால், மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். பலனில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.