கணவருக்கும் ஒரு பரிசோதனை

கர்ப்பிணிகளிடம் எச்.ஐ.வி. எவ்வளவு பரவியிருக்கிறது என்று கண்காணிக்கும் அரசுப் படிவத்தில் கேள்விகள் குறைவு. வயது, படிப்பு, எத்தனையாவது கர்ப்பம், கிராமமா நகரமா என்பவற்றோடு கணவரின் தொழிலையும் கேட்கிறார்கள். வேலைக்காக அவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் தனியாகத் தங்குகிறாரா என்றும் கேட்கிறார்கள். லாரித் தொழிலில் இருப்பவர்களின் மனைவிகளிடம் தொற்று விகிதம் கூடுதலாக இருப்பதை இந்தக் கண்காணிப்பு திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. படிக்காத பெண்களிடமும் கூடுதல்தான். ஆனால் எழுத்தறியாமை கிருமியைக் கொண்டுவருவதில்லை. ஆணுறை பற்றிக் கணவரிடம் வாய் திறக்கும் துணிவைத்தான் அது பறிக்கிறது. சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த, தொற்றுள்ள 134 பெண்களைப் பற்றி 2000-ல் வெளியான ஆய்வு இன்னும் வெளிப்படையானது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இல்லத்தரசிகள். மிகப் பெரும்பாலோர் ஒரே ஆணோடு மட்டும் வாழ்ந்தவர்கள். மனைவியின் கணக்கில் எழுதப்படும் காரணிகள் பலவும் உண்மையில் கணவரின் வாழ்க்கையைச் சொல்பவை.

அதற்காக வெளியூர் போகிறவர்களைக் குற்றவாளிகளாக்குவது அநியாயம். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரி நிலம் மழையில்லாமல் போனால் சோறு போடாது. லாரியோ வடக்கத்தி ஊர் வேலையோதான் கதி. ஆண்களைத் திட்டாமல் அவர்களைத் தேடிப் போனால் பலன் கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1995 முதல் நெடுஞ்சாலை லாரிப் பேட்டைகளில் ஓட்டுநர்களிடம் ஆணுறையும் ஆலோசனையும் கொண்டுசேர்க்கப்பட்டன. 2000-க்கும் 2004-க்கும் இடையில் தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் தொற்று 1.7 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைந்ததை 2006-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆண்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் ஆணுறைப் பழக்கம் கூடியதே காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இருந்தும், அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் கர்ப்பத்தின்போது ரத்தம் கொடுப்பவள் அநேகமாக மனைவி மட்டுமே. பெரும்பாலும் அவளுக்குத் தொற்று தெரிந்த பிறகுதான் கணவருக்கு அழைப்பு போகிறது. முதலில் தெரிந்துகொண்டவள் என்பதாலேயே புகுந்த வீட்டில் பழியும் அவள் தலையில் விழுகிறது. கணவரையும் சோதிப்பதற்கான மருத்துவக் காரணம் இதைவிடப் பெரியது. தொற்றுள்ள தாய்மார்களுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். கூட்டு மருந்து அதை 5-க்கும் கீழே இறக்கிவிடுகிறது. ஆனால் மூன்றாம் மாதத்தில் 'தொற்றில்லை' என்று வந்தவளுக்கு ஏழாம் மாதத்திலோ, பால் கொடுக்கும் காலத்திலோ கணவரிடமிருந்து தொற்றினால், புதிய தொற்றில் கிருமி பெருகியிருக்கும். குழந்தைக்கு ஆபத்து கூடும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனவளை வேறோர் ஆரம்ப சுகாதார நிலையம் பார்க்கும். முதல் முடிவு சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வராது.

கட்டாயப்படுத்தினால் ஆண்கள் ஓடிவிடுவார்கள் என்பார்கள். கட்டாயம் வேண்டாம், 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் சம்மதமில்லாத பரிசோதனையை ஏற்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பே சோதித்தால் போதாதா என்றால், அதற்குப் பின் வரும் தொற்றை அது எப்படிக் காட்டும்? தொற்றுதான் குறைந்துவிட்டதே என்பதும் பதிலாகாது. குறைந்திருக்கும்போதுதான் கண்ணில் படாமல் தப்பும் தொற்று கவனம் பெறாமல் போகும். ஆண்கள் ஊரில் இல்லை என்பது மட்டுமே நியாயமான தடை. அவர்கள் பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வளைகாப்புக்கும் வருகிறார்கள். அந்த நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாலையிலும் திறந்திருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனையோடு சேர்த்து இதையும், வேண்டுமென்றால் மனைவியோடு சேர்ந்தே, செய்துகொள்ளலாம் என்று கிராம சுகாதார செவிலியர் வீட்டில் சொல்லிவிட்டு வரட்டும்.