உங்க அப்பா போன டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் இப்போ எங்கே?



பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போடுவதா, திருத்தி ஓட்டுவதா? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் மென்பொருளில் இல்லை, ரயிலில் இருக்கு.

லண்டனில் வளர்ந்தவங்களுக்கு டி78 ரயில் தெரிஞ்சிருக்கும், பேர் தெரியாட்டியும். ஈஸ்ட்ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி வேலைக்குப் போன உங்க அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்க. கதவு இரண்டாகப் பிரியாது, ஒரே பலகையாக ஒரு பக்கம் நகரும். அதுதான் அடையாளம்.

பர்மிங்ஹாமில் மெட்ரோ-கேமல் கம்பெனி கட்டிய ரயில் இது. ஆறு பெட்டி கொண்ட 75 ரயில்கள், மொத்தம் 450 பெட்டிகள். 1980 ஜனவரியில் ஓட ஆரம்பித்து, 2017 ஏப்ரல் 21 அன்று கடைசியாக ஓடியது. புது ரயில்கள் வந்ததால் இதற்கு வேலை போச்சு. ஆனா உடம்பு நல்லாத்தான் இருந்தது. அலுமினியம் துருப்பிடிக்காது. சக்கரங்களைத் தாங்கும் போகிகளையும் இடையில் புதுசாக மாற்றியிருந்தார்கள்.

இதைக் கவனித்தவர் ஏட்ரியன் ஷூட்டர். சில்டர்ன் ரயில்வேஸை நடத்தியவர். விவாரயில் என்று ஒரு கம்பெனி தொடங்கி, 200க்கும் மேற்பட்ட பெட்டிகளை வாங்கினார்.

ஒரு சிக்கல் இருந்தது. லண்டன் அண்டர்கிரவுண்டில் தண்டவாளம் நாலு: சக்கரத்துக்கு இரண்டு, மின்சாரத்துக்கு இரண்டு. மற்ற ஊர்களில் அப்படிக் கிடையாது. அதனால் உடம்பையும் போகியையும் வைத்துக்கொண்டு, மின்சாரம் சம்பந்தப்பட்டதை எல்லாம் மாற்றினார்கள். வேனில் வரும் ஃபோர்டு டீசல் இன்ஜின்களை ஜெனரேட்டரோடு சேர்த்துப் பெட்டிக்கு அடியில் மாட்டினார்கள். பழுதானால் ஃபோர்க்லிஃப்ட்டால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். டீசலுக்குப் பதில் பேட்டரியும் வைக்கலாம். நம்ம பாஷையில் சொன்னா, பிளக்-இன்.

சுலபமா நடக்கலை. 2016 டிசம்பரில் கெனில்வொர்த் பக்கம் சோதனை ஓட்டத்தில் ஒரு ரயில் தீப்பிடித்தது. அதற்குப் பிறகும் விடவில்லை. 2019இல் பெட்ஃபோர்டு – பிளெட்ச்லி பாதையில் டீசல் ரயில் ஓடியது. 2021 நவம்பரில் ஐல் ஆஃப் வைட் தீவில் மின்சார ரயிலாக ஓட ஆரம்பித்தது. அந்தத் தீவில் சுரங்கப்பாதையின் உயரம் குறைவு. அதனால் 1967இலிருந்தே லண்டனின் பழைய ரயில்கள்தான் அங்கே ஓடுகின்றன. டி78க்கு முன்னால் இருந்தவை 1938 மாடல்!

2022 டிசம்பரில் விவாரயில் கம்பெனி திவாலாச்சு. ஷூட்டரும் அதே மாதம் காலமானார்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பிளெட்ச்லி ரயில்களைப் பராமரித்தது விவாரயில். அந்தக் கம்பெனி போனதும் ரயில்கள் நின்றுவிட்டன. கிட்டத்தட்ட ஒரு வருஷம், 2023 நவம்பர் வரை, மக்கள் பஸ்ஸில் போனார்கள். ஐல் ஆஃப் வைட்டில் பராமரிப்பு ரயில் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. அங்கே ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. அதே பெட்டி, அதே வயசு. பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

2023 பிப்ரவரியில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, விவாரயிலின் பேட்டரி ரயிலையும் தொழில்நுட்ப உரிமையையும் வாங்கியது. அங்கே வேலை பார்த்த பொறியாளர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டது. வெஸ்ட் ஈலிங்கில் தண்டவாளங்களுக்கு நடுவே சின்ன சார்ஜிங் பட்டைகள் வைத்தார்கள். ரயில் மேலே வந்து நின்றால் மட்டும்தான் அவற்றில் மின்சாரம் வரும். கிரீன்ஃபோர்டு வரை போய்வர மூன்றரை நிமிஷம் சார்ஜ் போதும். 2024 பிப்ரவரியில் ஒரே சார்ஜில் 86 மைல் ஓடியது. 2025 ஆகஸ்டில் 200 மைலைத் தாண்டியது. 1980இல் வந்த மாடல்!

நான் காண்ட்ராக்டர். ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். பழைய கோட் எவ்வளவு நல்லாயிருக்கு என்று மட்டும்தான் முன்னெல்லாம் பார்ப்பேன். இப்போ கிளம்புவதற்கு முன் இன்னொன்றையும் கேட்கிறேன்: நாளைக்கு நான் இல்லாட்டி இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? பதில் இல்லையென்றால் வேலை இன்னும் முடியலை.

லீவில் ஐல் ஆஃப் வைட் போனால் ரைடு ஸ்டேஷனில் கதவைக் கவனிங்க. இன்னமும் ஒரே பக்கம்தான் நகரும்.