மாற்றார் வாதத்தையும் எழுதுக

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு வாதக் கட்டுரை எழுதும் வேலை அடிக்கடி வருகிறது. கருத்து வேற்றுமைக்கு இடமான ஒரு பொருளைக் கொடுத்து, ஒரு பக்கத்தை நிலைநாட்டுக என்கிறார்கள். பிள்ளைகளுட் பலர் தமக்குச் சாதகமானவற்றை மட்டும் அடுக்கிவிட்டு எழுந்துவிடுகின்றனர். அது மேடைப் பிரசங்கம் ஆகலாம். ஆராய்ச்சிக் கட்டுரை ஆகாது.

மரண தண்டனையை ஒழிக்க வேண்டுமா என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். ஒழிக்க வேண்டும் என்று எழுதப் புகும் மாணவர் முதலில் வாசிக்க வேண்டுவது தமக்கு மாறான அறிக்கையையே. 1967-இல் இந்தியச் சட்ட ஆணையம் தனது 35-ஆவது அறிக்கையில் அத்தண்டனை நீடிக்க வேண்டும் என்றது. நாட்டின் பரப்பு, மக்களின் பன்மை, கல்வி நிலை, சட்டம் ஒழுங்கைக் காக்கும் தேவை ஆகியவற்றைக் காட்டி, ஒழித்துப் பார்க்கும் சோதனைக்கு இந்நாடு துணிய இயலாது என வாதித்தது. எள்ளி நகையாடத்தக்க வாதமன்று இது. அவ்வாணையத்தாரே ஒப்புக்கொள்ளும் வண்ணம் இதனை எடுத்துரைத்த பின்னரே மறுப்பில் இறங்க வேண்டும்.

மறுப்புக்கும் சான்று உண்டு. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் ஐவருள் நால்வர் கருத்துப்படி, அத்தண்டனை அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்றும், அரிதினும் அரிதான வழக்குகளிலேயே விதிக்கத்தக்கது என்றும் தீர்ப்பளித்தது. எது அரிதினும் அரிது? நீதிபதிக்கு நீதிபதி அளவுகோல் மாறியது. இதனையும் சுட்டிய சட்ட ஆணையம், 2015-இல் தனது 262-ஆவது அறிக்கையில், பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டின்மீது போர் தொடுத்தலும் நீங்கலாக ஏனைய குற்றங்களுக்கு அதனை ஒழிக்கப் பரிந்துரைத்தது. 48 ஆண்டுகளில் ஆணையத்தின் கருத்து ஏன் மாறியது என்று வினவும் மாணவருக்குக் கட்டுரை பாதி முடிந்தது. அந்த விதிவிலக்கையும் அவர் விடலாகாது. தீர்ப்பில் பிழை நேரலாம் என்பது காரணமானால், பயங்கரவாத வழக்கில் மட்டும் பிழை நேராதா?

இம்முறையை மேனாட்டுச் சரக்கென்று எண்ண வேண்டா. பவணந்தி முனிவர் நன்னூலில் கூறும் எழுவகை மதங்களுள் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல். எங்கள் ரயில்வே அலுவலகக் கோப்பிலும், மறுதரப்பைக் கூறாத குறிப்பு மேலதிகாரியிடமிருந்து திரும்பியே வரும்.

கட்டுரை முடிந்ததும், மாறான கருத்துடைய ஒருவரிடம் அவர் பக்கத்தைக் கூறும் பகுதியை மட்டும் வாசிக்கக் கொடுக்கலாம். "நான் சொல்வது இவ்வளவுதானா?" என்று அவர் கேட்பாராயின், அப்பகுதியை மீண்டும் எழுதுக.