ஆரஞ்சு நிற ஃப்யூஸ் கட்டை

கரண்டு பில் கட்ட மறந்தால் மின்வாரிய ஊழியர் வந்து ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவார். மீட்டரைத் தொட மாட்டார், வயரை வெட்ட மாட்டார். அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை அவர் பைக்குள் போனதும் வீடு இருண்டுவிடும். மின்சாரக் கார்கள் பலவற்றின் பேட்டரியிலும் இப்படியொரு கட்டை உண்டு. நிறம் ஆரஞ்சு, பெயர் சர்வீஸ் டிஸ்கனெக்ட். பல கார்களில் ஃப்யூஸும் அதற்குள்ளேயே இருக்கும்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் பொம்மசந்திராவில்தான் ரேவா என்ற மின்சாரக் கார் பிறந்தது. 2001இல் விற்பனைக்கு வந்த அந்தக் குட்டிக் காரில், முன் சீட்டுக்கு அடியில் 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் எட்டு. மொத்தம் 48 வோல்ட். வாகன விதிகளில் நேர்மின்சாரம் 60 வோல்ட்டைத் தாண்டினால்தான் ‘உயர் மின்னழுத்தம்’. ரேவா அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டது. அதன் மோட்டாருக்கு உச்சத்தில் 13 கிலோவாட் போதும், சுமார் 270 ஆம்பியரில் வேலை முடிந்தது. இன்றைய கார் கேட்பது 100 கிலோவாட். அதை 48 வோல்ட்டில் கொடுக்க 2,000 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைத் தாங்கும் கேபிளைச் சுமக்கவே தனி வண்டி வேண்டியிருக்கும். எனவே வோல்ட்டை ஏற்றினார்கள். 2020இல் வந்த டாடா நெக்ஸான் சுமார் 320 வோல்ட். வெளிநாட்டுக் கார்கள் சில 800 வோல்ட். 2025 ஆகஸ்ட்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக ஓடும் மெட்ரோ ரயிலே 750 வோல்ட் நேர்மின்சாரத்தில்தான் ஓடுகிறது!

வோல்ட் ஏறியதும் பழைய ஃப்யூஸ் கம்பி எடுபடாது. வீட்டில் வருவது மாறுமின்சாரம். நொடிக்கு 100 முறை அது பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. கம்பி உருகும்போது எழும் பொறி அந்த இடைவெளியில் தானே அடங்கிவிடும். (கம்பி அடிக்கடி போகிறதே என்று செப்பு இழைகளை முறுக்கிக் கட்டுபவர்கள் உண்டு, அது காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கிற வேலை.) பேட்டரியில் வருவதோ நேர்மின்சாரம், பூஜ்யம் என்பதே கிடையாது. கம்பி உருகி அறுந்தாலும் அந்த இடைவெளியில் நெருப்பாக மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கூசவைக்கும் அதே ‘ஆர்க்’தான்.

அதை அணைக்க வைத்திருக்கும் பொருளைக் கேட்டால் சிரிப்பு வரும்: மணல்! பீங்கான் குழாய்க்குள் வெள்ளியிலோ செம்பிலோ ஒரு மெல்லிய தகடு. வரிசையாகத் துளையிட்டு அதை அங்கங்கே இடுப்பு ஒடுங்கியதாக ஆக்கியிருப்பார்கள். சுற்றிலும் இறுகத் திணித்த குவார்ட்ஸ் மணல். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒடுங்கிய இடங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உருகி, ஒரு பெரிய ஆர்க்குக்குப் பதிலாகப் பல குட்டி ஆர்க்குகள் கிளம்பும். அந்தச் சூட்டை மணல் விழுங்கிக் கண்ணாடிபோல உருகி உறைந்து, வழியை அடைத்துவிடும். எல்லாம் சில மில்லிநொடிகளில்.

ஷார்ட் இல்லாமல், அளவை மீறி ஓரளவே மின்னோட்டம் ஏறினால் இதே ஃப்யூஸ் நிதானமாகத்தான் உருகும். காரை ஆன் செய்ததும் ‘டக்’கென்று ஒலிக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சுக்கோ அவ்வளவு மின்னோட்டத்தை வெட்டும் வலு இருக்காது. இந்த இடைவெளியை நிரப்ப வந்தது வெடி ஃப்யூஸ். ஏர்பேகில் இருப்பதுபோன்ற சிறு வெடிமருந்து வெடித்து, செப்புப் பட்டையை ஒரே வெட்டாக வெட்டிவிடும். டெஸ்லா 2015இல் இதைத் தன் காரில் கொண்டுவந்தது.

எந்த ஃப்யூஸும் மனிதனைக் காப்பாற்றுவதற்கு அல்ல. உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். 300 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது கொசுக்கடி. மெக்கானிக்கைக் காப்பது முதலில் சொன்ன சர்வீஸ் டிஸ்கனெக்ட் என்ற அந்த ஆரஞ்சுக் கைப்பிடி. பேட்டரியில் 96 செல்களைத் தொடராகக் கோத்தால் ஏறக்குறைய 350 வோல்ட். கைப்பிடி அந்த மாலையின் நடுவில் உட்கார்ந்திருக்கும். கழற்றினால் மாலை இரண்டாக அறுந்து, வெளி முனைகளில் வோல்ட் இருக்காது. ஆனால் ஒவ்வொரு பாதிக்குள்ளும் 175 வோல்ட் உயிரோடுதான் இருக்கும். கைப்பிடியின் நெம்புகோலை இரண்டு கட்டமாக இழுக்கும்படி அமைத்திருப்பார்கள். முதல் இழுப்பில் ஒரு சின்ன சிக்னல் வயர் துண்டிக்கப்பட்டு கான்டாக்டர்கள் திறந்துகொள்ளும். மின்னோட்டம் நின்றபிறகே பெரிய முனைகள் பிரியும். கையில் 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் உறை கட்டாயம். கழற்றியதும் கை வைத்துவிடவும் முடியாது. மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை, காரைப் பொறுத்து ஐந்து, பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அதன் பிறகு மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

புதிய கார்கள் சிலவற்றில் இந்தக் கைப்பிடியே இல்லை. தீயணைப்பு வீரர் வெட்டுவதற்கென்று 12 வோல்ட் வயர் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார்கள். கைப்பிடி உள்ள கார்களின் சர்வீஸ் கையேடுகள் சிலவற்றில், கழற்றியதை என்ன செய்வது என்றும் எழுதியிருக்கிறது: உங்கள் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிவதற்குள் வேறு யாரும் மாட்டிவிடாதபடி. கம்பத்தில் ஏறும் லைன்மேன் ஃப்யூஸ் கட்டையைத் தன்னோடு எடுத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.