ரகசிய இலாகாக்களுக்கு விலக்கு ஏன்?

சர்க்காரின் ஒவ்வோர் இலாகாவும் தன் இஷ்டப்படி கம்ப்யூட்டர் யந்திரங்களை வாங்கி, தன் இஷ்டப்படி காவல் வைத்துக்கொள்ளலாமா? அல்லது எல்லா இலாகாக்களுக்கும் பொதுவாக ஒரு தலைமைக் காரியாலயம் விதி வகுத்து மேற்பார்வை செய்ய வேண்டுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் கேள்வி அறுபது வருஷங்களாகத் தீராமல் இருந்து வருகிறது. தீராமற் போனதற்கு முக்கிய காரணம் உளவு ஸ்தாபனங்கள்.

1965-ம் வருஷத்தில் டெக்ஸாஸ் பிரதிநிதி ஜாக் புரூக்ஸின் முயற்சியால் ஒரு சட்டம் பிறந்தது. அக்காலத்தில் சர்க்கார் உபயோகித்த யந்திரங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை. பணம் வீணாவதைத் தடுக்கும் பொருட்டு, யந்திரங்களைத் தருவிக்கும் அதிகாரம் பொதுச் சேவை நிர்வாகம் என்ற ஒரே காரியாலயத்திடம் ஒப்புவிக்கப்பட்டது. ராணுவத்தார் இந்தக் கட்டுப்பாட்டை விரும்பவில்லை. 1981-ல், வர்ஜீனியா செனட்டர் ஜான் வார்னரின் பெயரால் வழங்கும் திருத்தம் அவர்களை விடுவித்தது. உளவு வேலை, சங்கேத வேலை, படைகளை நடத்தும் வேலை, ஆயுதத்தின் அங்கமாக அமைந்த யந்திரம், ராணுவ உளவுக் காரியங்களுக்கு நேரடியாக இன்றியமையாதது ஆகிய ஐந்துக்கும் விலக்கு கிடைத்தது. சம்பளப் பட்டியல், சாமான் கணக்கு முதலிய சாதாரண அலுவல்களுக்கு மட்டும் விலக்கு இல்லை!

1996-ல் புரூக்ஸ் சட்டம் ரத்தாயிற்று. ஆனால் விலக்கு ரத்தாகவில்லை. ஏறக்குறைய அதே ஐந்து வகைகளும் "தேசப் பாதுகாப்பு அமைப்புகள்" என்ற புதுப் பெயருடன் 1996-ம் வருஷச் சட்டத்தில் குடியேறின. பின்னர் 2002, 2014 வருஷங்களின் சட்டங்களிலும் தொடர்ந்தன. இந்தப் பிந்திய சட்டங்கள் யந்திரம் வாங்குவதைப் பற்றியவை அல்ல. அதிலுள்ள தகவலைக் காப்பதைப் பற்றியவை. செலவை முன்னிட்டுப் பிறந்த விலக்கு காவலுக்கும் விலக்காக வளர்ந்த விந்தையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2014-ம் வருஷச் சட்டத்தின்படி உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா மற்ற சிவில் இலாகாக்களுக்குக் கட்டாய உத்தரவு இடலாம்; ராணுவத்துக்கும் உளவு ஸ்தாபனங்களுக்கும் இட முடியாது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் அற்பமானதல்ல. எந்த யந்திரம் எங்கே இருக்கிறது, அதில் என்ன குறை என்பதெல்லாம் ஒரு பொதுக் காரியாலயத்தின் ஏட்டில் ஏறினால், அந்த ஏடே எதிரிக்குப் புதையலாகும். மேலும், நாட்டின் அதி ரகசியங்களை வைத்திருப்பவர்கள் பிறர் சொல்லாமலே பிறரைவிட அதிக ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று சட்டம் செய்தோர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று? 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் ஸ்தாபனம், அமெரிக்க மத்திய உளவு ஸ்தாபனமாகிய ஸி.ஐ.ஏ.யின் ரகசியக் கருவிகளைப் பற்றிய தஸ்தாவேஜுகளை வெளியிட்டது. அன்னியருடைய கம்ப்யூட்டர்களுக்குள் நுழைவதற்காகச் செய்து வைத்திருந்த கருவிகள் அவை. திருட்டு நடந்ததோ 2016-ல். சுமார் ஒரு வருஷ காலம், பொருளை இழந்தவர்களுக்கே இழப்புத் தெரியவில்லை. ஸி.ஐ.ஏ. தானே நியமித்த விசாரணைக் குழு 2017 அக்டோபரில் எழுதிய அறிக்கை, வீட்டின் உள் நிலையை விவரிக்கிறது. நிர்வாகிகளுக்குரிய கடவுச்சொற்களை ஊழியர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய சேமிப்புச் சாதனங்களுக்குச் சரியான தடை இல்லை. போனது எவ்வளவு என்பதற்கே திட்டமான கணக்கு இல்லை. 180 ஜிகாபைட் முதல் 34 டெராபைட் வரை இருக்கலாம் என்று குழு மதிப்பிட்டது. திருடியது ஒரு பகை அரசாக இருந்து, அது வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் நமக்குத் தெரிந்திராது என்று குழுவினரே ஒப்புக்கொண்டார்கள். முன்னாள் ஊழியர் ஒருவர் குற்றவாளியெனத் தீர்ப்பாகி, 2024-ல் 40 வருஷத் தண்டனை பெற்றார். கதவைத் திறந்து வைத்த மேலதிகாரிகளைப் பற்றிய பேச்சு அந்த வழக்கில் எழ நியாயமில்லை.

இந்த அறிக்கையின் ஒரு பகுதி, வழக்கில் சாட்சியமாக வந்ததனால்தான் ஜனங்களுக்குக் கிடைத்தது. 2020 ஜூனில் அதைப் பகிரங்கப்படுத்திய செனட்டர் ரான் வைடன், செனட்டின் உளவுக் கமிட்டியில் அங்கத்தினர். விலக்குக் கொடுத்ததே தவறு என்று அவர் உளவுத் துறைத் தலைவருக்கு எழுதினார். மற்ற சிவில் இலாகாக்களுக்கு 2017-லேயே கட்டாயமாக்கப்பட்டிருந்த மின்னஞ்சல் பாதுகாப்பு முறையை ஸி.ஐ.ஏ. அப்போதும் அனுஷ்டிக்கவில்லை என்றும் சுட்டிக்காட்டினார்.

விதிக்கு உட்பட்ட இலாகாக்கள் மட்டும் வாழ்ந்தனவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சர்க்கார் ஊழியர் நிர்வாகக் காரியாலயம் பொது விதிக்கு உட்பட்டது. அப்படியிருந்தும் 2 கோடியே 15 லட்சம் பேருடைய அந்தரங்க விசாரணைக் குறிப்புகளை அது பறிகொடுத்த செய்தி 2015-ல் வெளியாயிற்று. ஆனால் அங்கே குறைபாடுகளைத் தணிக்கையாளர் முன்கூட்டியே அறிக்கைகளில் எழுதி வைத்திருந்தார். காங்கிரஸ் கமிட்டிகள் தலைமை அதிகாரியை அழைத்துப் பகிரங்கமாகக் குறுக்கு விசாரணை செய்தன. 2015 ஜூலையில் அவர் ராஜிநாமாச் செய்ய நேர்ந்தது. பொது விதி திருட்டை நிறுத்திவிடவில்லை. யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு விலாசம் கொடுத்தது. மற்ற வீட்டிலோ, கேட்பதற்கு ஒரு வழக்கு விசாரணை தற்செயலாக வர வேண்டியிருந்தது.

2022 ஜனவரியில் ஜனாதிபதி பைடன் ஓர் உத்தரவு பிறப்பித்தார். சிவில் இலாகாக்களுக்கு விதித்த குறைந்தபட்சக் காவலாவது தேசப் பாதுகாப்பு அமைப்புகளுக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். முன்னேற்றந்தான். ஆனால் கட்டாய உத்தரவு இடும் அதிகாரம் வெளியார் எவரிடமும் போகவில்லை. தானே ஓர் உளவு ஸ்தாபனமான தேசியப் பாதுகாப்பு ஏஜென்ஸியின் தலைவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. விசேஷ அவசியம் என்று கருதினால் ஓர் இலாகாத் தலைவர் தம்முடைய அமைப்புக்கு இந்த உத்தரவிலிருந்தும் விலக்கு அளித்துக்கொள்ளலாம். அப்படி அளித்ததை அதே ஏஜென்ஸித் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும்.