குடிநோயும் கூடி மீள்தலும்

அறிவு, மாந்தர்க்கு இறைவன் அருளிய பெருங்கொடை. அவ்வறிவை மயக்கும் மதுவை, கள்ளுண்ணாமை எனத் தனி அதிகாரம் வகுத்துக் கடிந்தார் வள்ளுவர். திருமறையோ, மதுவின் தீமை பயனினும் பெரிதென முதலில் உணர்த்தியது. பின்னர்ப் போதையுடன் தொழுகையை நெருங்குவதைத் தடுத்தது. இறுதியில் மதுவை முற்றாக விலக்கியது. மது தீது என்பதில் நம்மிடையே ஐயமில்லை. ஆயின், அத்தீமையில் வீழ்ந்துவிட்ட ஒருவன் எழ விரும்பினால் எங்குச் செல்வான்? இவ்வினாவையே இங்கு ஆராய்வோம்.

நோயென அறிதல்

தொடர்ந்து குடிப்போருள் பலர்க்குக் குடி, பழக்கம் என்னும் எல்லையைக் கடந்து நோயாக முற்றுகிறது. தொடங்கினால் நிறுத்த இயலாமை, காலையிலேயே கை நடுக்கம், கேடு விளைவது கண்டும் விட முடியாமை ஆகியன அதன் அறிகுறிகள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் மருத்துவரை அணுகுவதே முதற்படி. மருந்து உடலைத் தேற்றும். வீடு திரும்பியபின் வரும் நீண்ட நாள்களுக்கோ தோழமை வேண்டும்.

இயக்கத்தின் தோற்றம்

1935-ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் வில்லியம் வில்சன், அமெரிக்காவின் அக்ரான் நகரில் தொழில் முயற்சியொன்றில் தோல்வியுற்று நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மீண்டும் குடிக்கும் வேட்கை எழவே, தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியுடன் பேச விழைந்தார். அவ்வாறு அவர் சந்தித்தவர் மருத்துவர் ராபர்ட் ஸ்மித். அவ்வாண்டு சூன் 10 முதல் அம்மருத்துவர் குடியைத் துறந்தார். அந்நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. ஏ.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் இவ்வியக்கம் 1957-இல் இந்தியாவில் கால்கொண்டது. குடிநோயாளியின் குடும்பத்தார்க்கென அல்-அனான் என்னும் தனி அமைப்பு 1951-இல் உருவாயிற்று.

27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, இக்கூட்டங்களில் ஈடுபடச் செய்யும் முறையான சிகிச்சை, குடியை முழுமையாக விட்டிருப்பதில் பிற சிகிச்சைகளை விடக் கூடுதல் பயன் தருவதாகக் கண்டது.

கூட்டத்தைக் கண்டறிதலும் கலந்துகொள்ளலும்

மருத்துவமனை மனநலப் பிரிவுகளிலும் போதை மறுவாழ்வு மையங்களிலும் அண்மையிலுள்ள கூட்டங்கள் பற்றிக் கேட்டறியலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணிலும் போதை மீட்பு வழிகாட்டல் பெறலாம். திறந்த கூட்டத்திற்கு எவரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோர்க்கு மட்டுமே உரியது. உறுப்பினராக வேண்டிய ஒரே தகுதி அவ்விருப்பமே. கட்டணம் இல்லை, உறுப்பினர் மனமுவந்து அளிப்பதே செலவுக்கு ஆகிறது.

ஏறத்தாழ ஒரு மணி நேரக் கூட்டத்தில், ஒருவர் பின் ஒருவராகத் தம் வீழ்ச்சியையும் மீட்சியையும் கூறுவர். குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை பொழிவதுமில்லை. புதிதாக வந்தவர் பேசாது கேட்டிருக்கலாம். முழுப்பெயர் கூறத் தேவையில்லை. அங்கு அறிந்ததை வெளியே உரைப்பதில்லை என்பது அடிப்படை நெறி. 'வாழ்நாள் முழுதும்' என மலைக்காமல் 'இன்று ஒரு நாள்' குடியாதிருக்கவே உறுதி பூணுவர். முதற்கூட்டம் மனத்திற்கு ஒவ்வாதெனில் வேறு குழுவை நாடலாம். ஒரு நாளில் முடிவு கட்டிவிடலாகாது.

தயக்கமும் தெளிவும்

நம் சமுதாய இளைஞர்க்கு இங்கு இரு தயக்கங்கள் எழும். கூட்டங்கள் சிலவிடங்களில் தேவாலயக் கூடங்களில் நடைபெறுதல் ஒன்று. இடம் எதுவாயினும் இயக்கம் எம்மதத்தையும் சார்ந்ததன்று. இறைவனை அவரவர் தம் நம்பிக்கைவழி உணர்ந்து துணை வேண்டலாம். 1989-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முஸ்லிம்கள் இப்பன்னிரு படிகளை இஸ்லாமிய நெறியில் அமைத்து மில்லத்தி இஸ்லாமி என்னும் அமைப்பைக் கண்டனர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

மற்றொன்று, ஊரார் அறிந்தால் என்னாகும் என்னும் அச்சம். தங்கையின் திருமணப் பேச்சு தடைப்படுமோ, ஜமாஅத்தில் தலைகுனிய நேருமோ என்றஞ்சி நோயை மறைப்போர் உளர். இவ்வச்சத்தை விளைவித்தோர் நாமே. போக்க வேண்டியோரும் நாமே. மதுவருந்தியதற்காகப் பன்முறை தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அதனைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பவர் என எடுத்துரைத்த செய்தி புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ளது. குற்றத்தைக் கண்டித்த அந்நெறி, குற்றம் புரிந்தவரை ஒதுக்கவில்லை.

ஆகவே ஜமாஅத் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் இது: அண்மைக் கூட்டத்தின் இடமும் நேரமும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இடம்பெறட்டும். நாடி வருவோரின் பெயர் இமாமின் நெஞ்சோடு நிற்கட்டும். ஆசிரியர்கள் மாணவரைப் பழிக்குமுன் வழிகாட்டுக. மாணவர்கள், தள்ளாடும் நண்பனை எள்ளாது, முதற்கூட்டத்திற்கு உடன் செல்க. திறந்த கூட்டமெனில் அருகிலும் அமர்க. பாவமன்னிப்பின் வாயிலை இறைவன் திறந்தே வைத்திருக்க, நாம் அதனை அடைக்கலாமா?