வெக்கைக் காலமும் எங்கள் முதியோரும்

பங்குனி, சித்திரை மாதங்களின் வெக்கையை நாம் எல்லோரும் அறிவோம். ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக உச்சம் கொடுக்கிறது. அதன் பின்னர் கச்சான் காற்றுக் காலமும் வரும். சொந்த ஊரில் இருந்தபோது எங்கள் ஐயாமாரும் அம்மாமாரும் இந்த நாட்களை மாமர நிழலிலும் ஓலை வீட்டுத் திண்ணையிலும் கழித்தார்கள். இடம்பெயர்ந்த பலருக்குக் கிடைத்ததோ தகரக் கொட்டில்தான். மத்தியானத்தில் அதற்குள் இருப்பது அடுப்பங்கரையில் இருப்பது போன்றது. ஆகவே முதியோரை வெக்கையில் இருந்து காப்பதை நாம் புதிதாகப் பழக வேண்டியுள்ளது.

தாகம் தெரியாத வயது

வெயில் ஏறும்போது உடல் வியர்த்துத் தன்னைக் குளிரச் செய்கிறது. வயது போனவர்களுக்கு வியர்வை குறைவு. தாகமும் உடனே தெரிவதில்லை. பிரஷருக்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் சில குளிசைகள், முக்கியமாகச் சலம் கூடுதலாகப் போகச் செய்யும் குளிசைகள், உடலில் உள்ள நீரை மேலும் குறைக்கின்றன. அதற்காக அவற்றை நாமாக நிறுத்தக் கூடாது. வெயில் காலத்தில் எப்படி எடுப்பது என்று கிளினிக்கில் கேட்க வேண்டும்.

இன்னொரு காரணத்தை நாம் கவனிப்பதில்லை. முதியோர் பலர் தண்ணீரை வேண்டுமென்றே குறைத்துக் குடிக்கிறார்கள். மலசலகூடம் தூரம், இரவில் எழுந்து போகப் பயம். "பிள்ளை தூரத்தில் இருந்து சுமந்து வந்த தண்ணீர், நான் ஏன் குடித்து முடிப்பான்?" என்ற எண்ணம் வேறு. அவர்கள் கேட்க மாட்டார்கள். ஆகவே கேட்கும்வரை நாம் காத்திருக்கக் கூடாது.

* காலை தொடக்கம் பொழுது சாயும்வரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது சிறிது தண்ணீர் கையில் கொடுப்போம். ஒரு நாளுக்குக் குறைந்தது ஆறு தொடக்கம் எட்டுக் கோப்பை வரை தேவை. மோர், கஞ்சி, பழஞ்சோற்றுத் தண்ணீர், தேசிக்காய்த் தண்ணீர் என்பனவும் நல்லவை.
* சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அறியலாம்.
* இரவில் படுக்கைக்கு அருகே மூடியுள்ள வாளி ஒன்றும் ரோச் லைற்றும் வைத்துக் கொடுப்போம். பயம் நீங்கினால் தண்ணீரும் குடிப்பார்கள்.
* சிறுநீரக நோய் அல்லது இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவையே குடிக்க வேண்டும். பிரஷர் உள்ளவர்களுக்கு உப்புக் கரைத்த பானங்களை வழக்கமாகக் கொடுக்கக் கூடாது.

கொட்டிலைக் குளிர வைத்தல்

தகரத்தின் மேல் நேரே வெயில் படாமல் தடுப்பதே முதல் வேலை. கிடுகையோ பனையோலையையோ தகரத்தின் மேல் பரப்பி, காற்றுக்குப் பறக்காதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். அடுப்பு இருக்கும் பக்கத்தில் ஓலை போட வேண்டாம், தீப்பிடிக்கும். சமையலை வெளியே வைத்தால் உள்ளே சூடு குறையும். மேற்குப் பக்கத்தில் முருங்கை, வாழை நட்டுக் கழுவிய தண்ணீரை அவற்றுக்கு விடுவோம். சுரை, புடோல் கொடிகளைப் பந்தலில் ஏற்றினால் நிழலும் கறியும் கிடைக்கும். உலர்ந்த காற்று வீசும் நாட்களில் வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே வரும் காற்று குளிரும்.

இவை செய்து முடியும்வரை மத்தியானத்தில் முதியோரைக் கொட்டிலுக்குள் விடாமல் மரநிழலில் கட்டில் போட்டு இருத்துவோம். ஈரத் துணியால் முகம், கழுத்து, கைகளைத் துடைத்து விசிறிவிடலாம். தோட்ட வேலையைக் காலை 10 மணிக்கு முன்னரும் பிற்பகல் 4 மணிக்குப் பின்னரும் வைத்துக்கொள்வது நல்லது. கிளினிக்குக்குப் போகும்போது குடையும் ஒரு போத்தல் தண்ணீரும் கொடுத்து அனுப்புவோம்.

ஆபத்தை அறிதல்

தலைச்சுற்று, தலையிடி, சத்தி, கால் குறண்டுதல், கடும் களைப்பு ஆகியன முதல் அறிகுறிகள். உடனே நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, சிறிது சிறிதாகத் தண்ணீர் அல்லது ஜீவனி கொடுக்க வேண்டும். ஜீவனிப் பைக்கற்றை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரிலேயே கரைக்க வேண்டும்.

பேச்சு தடுமாறினால், ஆளை மட்டுக்கட்ட முடியாமல் போனால், உடல் நெருப்பாய்க் கொதித்தால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது உயிராபத்து. வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்வருமாறு செய்வோம்:

1. 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்போம். அது இலவசம். வரத் தாமதமானால் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வோம்.
2. காத்திருக்கும்போதும் போகும் வழியிலும் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுவோம். கழுத்திலும் கமக்கட்டிலும் ஈரத்துணி வைப்போம்.
3. நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்ற மாட்டோம். ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துவோம்.
4. பனடோல் கொடுக்க மாட்டோம். வெக்கையால் வந்த சூட்டை அது தணிக்காது.

தனியே இருக்கும் முதியோர் எங்கள் அயலில் இருப்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலோ, இல்லாமலோ போயிருக்கலாம். வெக்கை கூடிய நாட்களில் காலையும் மத்தியானமும் பின்னேரமும் யார் போய்ப் பார்ப்பது என்று அயல் வீடுகள் முறை போட்டுக்கொள்வோம். போகும்போது ஒரு செம்பு தண்ணீர் கொண்டு போவோம். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து கதைப்போம்.